வலது இடுப்பில் வாள், பின்னால் முறிந்த மரம்: இந்தத் தளபதி படத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி, ஜூலை 28

தல்லாகுளத்தில் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு பழைய அச்சுப்படம் கிடைத்தது. வெள்ளைக்காரப் படை அதிகாரி, முழங்கால் வரைக்கும் தெரிகிறார். வாள் வலது இடுப்பில் தொங்குகிறது, அதனால் இடக்கைக்காரர். பின்னால் முறிந்த மரம், அதனால் போரில் இறந்தவர். கையில் ஒரு கோட்டையின் வரைபடம். 1764இல் கான் சாகிபுக்கு (மருதநாயகத்துக்கு) எதிரான முற்றுகையில் மதுரைக் கோட்டையைத் தாக்கும்போது காயம்பட்டு இறந்த மேஜர் பிரஸ்டன்தான் இவர் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூலை 28, இரவு 10.15

மறுக்கிறேன். பிரஸ்டனாக இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்ன மூன்று காரணங்களும் அவரிடம் கொண்டுபோய் விடாது.

முதலில் வாள். இது செப்புத் தகட்டில் செதுக்கி எடுத்த படம். தகட்டுக் கோடுகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை மேலே வைத்து உருளைக்குள் ஓட்டுவார்கள். தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் வந்து விழும். மூல ஓவியத்தைப் பார்த்தபடியே தகட்டில் இறக்கினால் அச்சில் ஆள் திரும்பிவிடுவார். கவனமான செதுக்குக்காரர்கள் ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துச் செதுக்கினார்கள். அவசரக்காரர்கள் அப்படியே விட்டார்கள்.

தெற்கு மாசி வீதியில் அப்பா ஃபிரேம் கடை வைத்திருந்தார். நான் வளர்ந்ததே அங்கேதான். ஒரு வருஷம் வந்த காலண்டர் கட்டில் மீனாட்சியின் கிளி இடக்கையில் இருந்தது. அச்சகத்தில் நெகடிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கடைக்கு வந்த ஒரு பூக்கார அம்மா தூரத்தில் நின்றே கண்டுபிடித்தார்: "என்னய்யா, அம்மன் கிளிய கை மாத்திருச்சு?" மீனாட்சி இடக்கைக்காரி ஆகிவிட்டாள் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. அச்சில்தான் தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் அதிகாரிக்கும் முதலில் அந்தச் சந்தேகத்தைக் கொடுங்கள்.

உள்சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆண்கள் உடுப்பில் பொதுவாகப் பொத்தான் வலப்பக்கம், துளை இடப்பக்கம். அதுவும் மாறியிருந்தால் படமே திரும்பியிருக்கிறது.

ஜூலை 29, காலை

"அப்படியானால் ஸ்கேன் செய்து திருப்பிவிடலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவசரப்பட வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. சிதம்பரத்தில் நடராசர் இடது காலைத் தூக்கி ஆடுகிறார். நம் வெள்ளியம்பலத்தில் ராசசேகர பாண்டியன் கேட்டுக்கொண்டதற்காகக் கால் மாறி, வலது காலைத் தூக்கி ஆடுகிறார். விஷயம் தெரியாத ஒருவர் வெள்ளியம்பலத்துப் படத்தைப் பார்த்து "நெகடிவ் திரும்பிவிட்டது" என்று சொல்லித் திருத்தினால், மதுரையின் கதையே அழிந்துவிடும்.

அதனால் ஒரே ஒரு அடையாளத்தை வைத்து எதையும் திருப்பக் கூடாது. வாள், பொத்தான், பட்டை, மார்பில் விருது நட்சத்திரம் இருந்தால் அது, இவற்றில் இரண்டாவது ஒத்துப்போக வேண்டும். நேற்று நான் எழுதியதில் வாள் மட்டுமே போதும் என்ற தொனி இருந்தது. போதாது.

ஜூலை 30

மரம்.

என் அம்மா அப்பாவின் கல்யாணப் படம் ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் வளைந்து இறங்கும் மாடிப்படி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தூண், தூரத்தில் குளம். எங்கள் வீட்டில் அப்போது மாடியே கிடையாது. என் சித்தப்பா, பக்கத்துக் கடைக்காரர், அவருடைய மைத்துனர் என்று எல்லோரும் அதே மாடிப்படிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். அது ஸ்டுடியோக்காரரின் திரைச்சீலை. ஆனால் அதற்கு அர்த்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். "நாங்களும் ஒரு நிலைக்கு வந்திருக்கிறோம்" என்பதைத்தான் அந்தப் படி சொல்கிறது. அது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன வாக்கியம், ஒருவருடைய வரலாறு இல்லை.

18ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் படங்களிலும் இப்படி ஒரு சரக்கு இருந்தது. பருத்த தூண் என்றால் அசையாத உறுதி. கனத்த திரை என்றால் கௌரவம். கருமேகமும் புகையும் இருந்தால் போர்க்களம் பார்த்தவர். தரையில் கிடக்கும் பீரங்கி, குண்டுக் குவியல், மேசைமேல் தலைக்கவசம், கையில் குறுங்கோல் எல்லாம் தலைமையைக் குறிப்பவை. முறிந்த மரமும் அந்தச் சரக்கில் ஒன்று. புயல் அடித்த இடத்தில் இவர் நிற்கிறார் என்று அது சொல்லும். இறந்தவர் என்று சொல்லாது. துக்கம் காட்ட வேண்டுமென்றால் கையில் கறுப்புப் பட்டை இருக்கும், அல்லது கீழே எழுத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

இரும்புக் கவசமும் அப்படித்தான். துப்பாக்கிக் காலம் வந்து, யாரும் முழுக் கவசம் போட்டுப் போருக்குப் போகாத காலத்திலும் படத்துக்கு மட்டும் மார்புக் கவசம் போட்டு நின்றார்கள். படத்தில் கவசம் இருப்பதால் அதை 17ஆம் நூற்றாண்டு என்று காலம் போட்டுவிடாதீர்கள்.

ஜூலை 30, கொஞ்ச நேரம் கழித்து

உள்சட்டைக்குள் கையை நுழைத்திருக்கிறாரே, ரகசியச் சங்கத்து அடையாளமா என்று கேட்ட தம்பிக்கு: இல்லை. நெப்போலியனுக்கு வயிற்று வலி என்ற கதையும் இதே நிலையை வைத்துக் கிளம்பியதுதான். 1737இல் லண்டனில் நிவெலோன் என்ற நடன ஆசிரியர் வெளியிட்ட நன்னடத்தைக் கையேட்டிலேயே இந்த நிலை இருக்கிறது: துணிவும் அடக்கமும் சேர்ந்த நிற்பு. நம் ஊரில் பெரியவர் முன்னால் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது போல, பார்க்கிறவருக்கு உடனே புரியும் உடல்மொழி.

ஆகஸ்ட் 2

கேள்வி கேட்டவர் பொத்தான் படத்தை அனுப்பிவிட்டார். துளை வலப்பக்கம், பொத்தான் இடப்பக்கம். வாளும் பொத்தானும் ஒன்றாக மாறியிருக்கின்றன. இனி திரும்பிய படம் என்று தைரியமாகச் சொல்லலாம். இவர் மற்றவர்களைப் போல வாளை இடப்பக்கம்தான் கட்டியிருந்தார்.

கழுத்துக்குக் கீழே பிறை வடிவில் ஒரு தகடு தொங்குகிறது. தொலைபேசியில் பேசியபோது பதக்கம் என்று சொல்லிவிட்டேன். தவறு, திருத்திக்கொள்கிறேன். அது கார்ஜெட், கழுத்துக் கவசத்தின் மிச்சம். ஒரு காலத்தில் தொண்டையைக் காத்த இரும்பு, பிறகு ரிப்பனில் கட்டிய மெல்லிய தகடாகச் சுருங்கி, "இவர் இப்போது பணியில் இருக்கிறார்" என்பதற்கான அடையாளமாக நின்றது. பிரிட்டிஷ் படையில் 1830இல் அதைக் கைவிட்டார்கள். பதக்கம் என்றால் ஒரு போரைத் தேட வேண்டியிருக்கும். கார்ஜெட் என்றால் வேலை நேரத்து உடுப்பு, அவ்வளவுதான். நான் சொன்னதை நம்பி யாராவது பதக்கப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஆகஸ்ட் 3

குதிரை வீரர் சிலைகளில் குதிரை ஒரு காலைத் தூக்கினால் காயம், இரண்டு காலைத் தூக்கினால் வீரமரணம் என்ற விதி எங்கேயும் கிடையாது. சென்னைத் தீவுத்திடலில் தாமஸ் மன்றோ சேணமும் அங்கவடியும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கும் இப்படித்தான் கதை கட்டினார்கள்: சிற்பி மறந்துவிட்டாராம். செய்தவர் சான்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜையும் அவர் அப்படித்தான் உட்கார வைத்திருக்கிறார். ரோமாபுரியில் மார்க்கஸ் அரேலியஸ் சிலையிலும் அங்கவடி இல்லை. பழைய ரோம மரபை எடுத்துக்கொண்டவரை மறதிக்காரர் ஆக்கிவிட்டோம்.

ஆகஸ்ட் 6

தோள் பட்டையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். உங்கள் படத்தில் இருப்பது இடுப்பைச் சுற்றிய பட்டுக் கச்சை. பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு அது கருஞ்சிவப்பு, பதவிக்கான உடுப்பின் பகுதி. மார்புக்குக் குறுக்கே போகும் அகலமான ரிப்பன் வேறு விஷயம், அது பிரிட்டிஷ் அரசர் கொடுக்கும் விருதின் அடையாளம்.

கார்டர் விருதுக்கு நீல ரிப்பன், இடது தோளிலிருந்து இறங்கும். பாத் விருதுக்குச் சிவப்பு ரிப்பன், வலது தோளிலிருந்து இறங்கும். கர்நாடகப் போர்களில் பெயர் வாங்கிய சர் அயர் கூட்டுக்குக் கிடைத்தது பாத். வண்ண ஓவியத்தில் குழப்பமே இல்லை. கறுப்பு மையில் அச்சிட்டால் நிறம் போய்விடுகிறது, தோள் ஒன்றுதான் மிச்சம். படம் திரும்பிவிட்டால் தோளும் பொய் சொல்லும். பாத் வாங்கியவர் கார்டர் வாங்கியவராகிவிடுவார்!

அப்போது நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு விருதுக்கும் நட்சத்திரம் இடது மார்பில்தான். பார்க்கிற நமக்கு அது வலப்பக்கம் தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் படம் திரும்பியது. லென்ஸ் வைத்து நடுவில் பாருங்கள்: மூன்று கிரீடம் இருந்தால் பாத், சிலுவையைச் சுற்றி வார்ப்பட்டை இருந்தால் கார்டர். வடிவம் திரும்பினாலும் எண்ணிக்கை திரும்பாது.

ஆகஸ்ட் 9

கச்சையில் நெடுக்குக் கோடுகள் இருப்பதால் சிவப்பு என்று ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார். பாதி சரி. குலச்சின்னக் கேடயங்களுக்கு அப்படி ஒரு முறை உண்டு: நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெறுமை வெள்ளி. 17ஆம் நூற்றாண்டிலிருந்து அது புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது கேடயத்துக்குள் மட்டும்தான். துணியில் வரும் கோடு மடிப்பையும் நிழலையும் காட்டுவது. கச்சை சிவப்புதான், ஆனால் கோட்டினால் நமக்குத் தெரிந்ததில்லை.

ஆகஸ்ட் 14

மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள்: "இவ்வளவு பேசுகிறோமே, கான் சாகிபுக்கு இப்படி ஒரு அச்சுப்படம் உண்டா?"

அவரை நேரில் பார்த்து வரைந்தது என்று நம்பி எடுத்துவைக்கக்கூடிய ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. இணையத்தில் அவர் பெயரில் சுற்றும் முகங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தலைப்பாகை ஒன்று, தாடி இன்னொன்று, நிற்பு வேறொன்று. பெயர் மட்டும்தான் ஒன்று.

அச்சுத் தொழிலில் இது புதிதில்லை. 1650களில் பியேர் லொம்பார் என்பவர் வான் டைக்கின் ஓவியத்தைத் தழுவி ஒரு குதிரை வீரர் தகடு செதுக்கினார். அதே குதிரை, அதே கவசம், அதே உடம்பு. ஒரு நிலையில் குரோம்வெல்லின் தலை, இன்னொரு நிலையில் அதே குரோம்வெல் தரப்பு தலை வெட்டிய முதலாம் சார்ல்ஸின் தலை. தலை சுரண்டப்பட்டு வெறும் கழுத்தோடு அச்சான தாள்களும் இருக்கின்றன. தலையில்லாக் குதிரை வீரன் என்றே அந்தத் தகட்டுக்குப் பெயர். செம்பு விலை அதிகம். பின்பக்கம் தட்டி மேடாக்கி, முகத்தைச் சுரண்டி, மெருகேற்றி, வேறு முகம் செதுக்குவது புதுத் தகடு செய்வதைவிட மலிவு. அதனால் உடம்பின் சின்னங்களைப் படித்துவிட்டு அதை முகத்துக்குரியவரின் குணம் என்று சொல்வதற்கு முன்னால், அந்த உடம்பு அவருடையதுதானா என்று கேட்டாக வேண்டும்.

கான் சாகிபுக்கு அந்த இரவல் உடம்புகூட அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கம்பெனிக்காக எத்தனை கோட்டைக்கு முன்னால் நின்றவர். மதுரையை ஆண்டவர். 1764 அக்டோபர் 15 அன்று சம்மட்டிபுரத்தில் தூக்கிலிட்டார்கள். அவரை எதிர்த்து நின்றவர்களின் நாட்டில் முகங்கள் செம்பில் ஏறின. இவர் கதைப்பாடலில் ஏறினார், கான்சா மேட்டுத் தெருவின் பெயரில் ஏறினார். சம்மட்டிபுரம் பள்ளிவாசலில் அவர் சமாதி இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பச்சைத் துணி, ஊதுபத்தி, ஓரமாகப் பையன் ஒருவன் பாடப் புத்தகத்தோடு. படம் எதுவும் அங்கே இல்லை. அங்கே படம் தேவையாகவும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 20

ஆகஸ்ட் முழுக்க "சரக்கு, சரக்கு" என்றே எழுதிவிட்டேன். நேற்று இரவு தூக்கம் வராமல் யோசித்தபோது அது சரியில்லை என்று பட்டது. திட்டமிட்டு வைத்த சின்னமும் உண்டு. எனக்குத் தெரிந்ததில் பலமான உதாரணம் இதுதான்.

டேவிட் வில்கி 1839இல் முடித்த ஓவியம்: திப்புவின் உடலை பிரிட்டிஷ் தளபதி பெயர்ட் கண்டுபிடிக்கும் காட்சி. பின்னர் ஜான் பர்னெட் செதுக்கி அச்சாகவும் வந்தது. இரவு, லாந்தர் வெளிச்சம், கீழே கிடக்கும் திப்பு, மேலே வாளோடு நிற்கும் பெயர்ட். அவர் காலடியில் தரையோடு ஒரு கம்பி அழி. முதல் பார்வையில் வெறும் கட்டட வேலைப்பாடு போலத் தெரியும். ஆனால் பெயர்ட் 1780இல் பொள்ளிலூர்ச் சண்டையில் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்றரை வருஷத்துக்கு மேல் கிடந்தவர். அந்த நிலவறையைத்தான் வில்கி அவர் காலுக்குக் கீழே வைத்தார். அடைத்து வைத்த இடத்தின் மேலேயே வென்றவனாக நிற்கிறான் என்பது செய்தி.

வில்கி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. திப்பு இறந்தது 1799 மே 4, ஓவியம் 40 வருஷம் கழித்து. நடந்ததற்கு இந்தப் படம் சாட்சி ஆகாது. லண்டன் அதை எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பதற்குச் சாட்சி. அப்படிப் படித்தால் ஒவ்வொரு அங்குலமும் பேசுகிறது.

தூண், திரை, புயல் மரம் போல எந்த ஆளுக்குப் பின்னாலும் மாட்டக்கூடியது பொதுச்சரக்கு. அழியைப் போல இந்த ஒரு ஆளுக்கு மட்டும் பொருந்துவது சின்னம். ஜூலை 30 குறிப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள். உங்கள் படத்தில் அப்படிப் பொருந்தக்கூடிய ஒரே பொருள் கையிலிருக்கும் வரைபடம். அதை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டோம்.

மதுரைக் கோட்டை என்றால் என்ன தெரிய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழச் சதுரம், சுற்றிலும் நெருக்கமாகக் கொத்தளங்கள், நடுவில் கோயில், வடக்கே வைகை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடம்தான் இன்றைய மாரட் வீதிகள். பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது.

ஆகஸ்ட் 27

திருப்பரங்குன்றத்து அக்கா ஒருவர் கேட்டது பேச்சை வேறு பக்கம் இழுத்துப் போகிறது, ஆனால் நல்ல கேள்வி: நம்மிடம் தளபதி உருவம் செய்யும் மரபே இல்லையா?

இருக்கிறது. புதுமண்டபத்துத் தூண்களில் நாயக்கர்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். கடைகள் நிறைந்திருந்த காலத்தில் திருமலை நாயக்கர் முகத்தைப் பார்க்கத் தையல் மெஷினுக்கும் தொங்கும் பாவாடைகளுக்கும் நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். கை கூப்பியிருக்கிறது, இடுப்பில் குத்துவாள், வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கிறது. கழுத்திலும் கையிலும் நகை. படை நடத்தியவர், ஆனால் எதிரியை நோக்கி விரல் நீட்டவில்லை, சாமியை நோக்கி நிற்கிறார். வாள் உறையில்தான் இருக்கிறது. அந்தத் தொப்பையைக் குறை என்று நினைக்கக் கூடாது, செழிப்பு அது.

இதைவிடப் பழையது நடுகல். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துள்ள கல்லில் உருவமே இல்லை. கூடல் ஊர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், விழுந்த ஒருவனின் பெயர் மட்டும். முகம் இல்லை, தூண் இல்லை, மரம் இல்லை. எழுத்தே போதுமென்று விட்டிருக்கிறார்கள். பிறகு வந்த நூற்றாண்டுகளின் கற்களில்தான் வில், உடம்பில் தைத்த அம்பு எல்லாம் வருகின்றன.

ஆகஸ்ட் 28

ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது, பழைய பங்களா ஏலத்திலிருந்து ஒருவர் இப்படி ஒரு படத்தை ஃபிரேம் போடக் கொடுத்தார். தயாராக இருந்த பீடிங் சட்டம் இரண்டு விரற்கடை குறைந்தது. கீழே இருந்த எழுத்து வரிசையைப் பிளேடால் நானே வெட்டினேன். அப்பா வெளியூர் போயிருந்தார். இடது மூலையில் பின்க்ஸிட் என்றால் வரைந்தவர், வலது மூலையில் ஸ்கல்ப்ஸிட் என்றால் செதுக்கியவர், எக்ஸ்குடிட் என்றால் வெளியிட்டவர், சட்டப்படி வெளியிட்ட தேதி நடுவில் என்பதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1735இல் இங்கிலாந்தில் வந்த செதுக்கோவிய உரிமைச் சட்டத்துக்காக அந்தத் தேதியைப் போட்டார்கள். ஒரு மனிதரின் பெயரைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த இழையில் இவ்வளவு எழுதுகிறேன். தயவுசெய்து உங்கள் படத்தின் ஓரத்தை யாரையும் வெட்ட விடாதீர்கள்.

செப்டம்பர் 5, இரவு

தல்லாகுளத்துக்கே போய்விட்டு வந்தேன். ஆவணி மூலத் திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் பாலத்தைத் தாண்டி நடந்தேன்.

பின்பக்கப் பிரவுன் பேப்பரை நனைக்காமல் கத்தி முனையால் விலக்கினோம். ஆணி ஒவ்வொன்றாக. உள்ளே பலகைக்கும் தாளுக்கும் நடுவே ராமபாணப் பூச்சி ஓடியிருக்கிறது. தாளைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது, ஆக ஓரம் முழுசாக இருக்கிறது. எழுத்து வரிசையை வெட்டவில்லை, பின்னால் மடித்திருக்கிறார்கள். எனக்கு மூச்சு வந்தது.

வலது மூலையில் "ஸ்கல்ப்" தெரிகிறது, அதற்கு முன்னால் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. தேதியில் 179 வரை தெளிவு, கடைசி இலக்கம் இல்லை. வில்கி 40 வருஷம் கழித்து வரையவில்லையா, 1764இல் இறந்தவரை 1790களில் வெளியிடக் கூடாதா என்று கேட்பீர்கள். தோளைப் பாருங்கள். குஞ்சம் தொங்கும் எபாலெட். பிரிட்டிஷ் அதிகாரிகளின் சீருடை விதியில் அது வந்தது 1768இல், பிரஸ்டன் இறந்து நாலு வருஷம் கழித்து.

வரைபடத்தில் கோட்டை நட்சத்திர வடிவம், கூர் மூலைகள். ஒரு பக்கம் முழுக்கக் கரையை ஒட்டி அலை அலையாகக் கோடுகள், அதன்மேல் ஊசி முனை அளவுக்கு ஒரு பாய்மரம். கடல். மதுரைக்குக் கடல் ஏது? எந்தத் திசைக் கடல் என்று மட்டும் சொல்ல முடியாது, படமே திரும்பியிருக்கிறது.

படத்துக்குச் சொந்தக்காரத் தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அவருடைய ஆச்சி உள்ளேயிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து படத்துக்கு எதிரே பிடித்தார். வாள் இடப்பக்கம் வந்தது, பொத்தான் சரியானது, மரம் அந்தப் பக்கம் போனது. "இப்பத்தான் ஒழுங்கா நிக்கிறாரு," என்றார் ஆச்சி, "பேரு என்னன்னு பாருங்க."

பெயர் வரி இன்னும் மடிப்புக்குள் கோந்தோடு ஒட்டியிருக்கிறது. வீட்டில் நனைத்துப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தாள் பாதுகாப்பு வேலை தெரிந்தவர் மதுரையிலோ பக்கத்திலோ இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.